காரில் ஸ்கேனர் வைக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் (‘ஹாம்’) வானொலி பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களும் அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோரும் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. போலீஸ், தீயணைப்புத் துறைகளின் வானொலி உரையாடலைக் கேட்க உதவும் ஸ்கேனரை வாகனத்தில் வைத்துக்கொள்வது குற்றமா என்பதும், ‘ஹாம்’ உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டா என்பதும்தான் அவை. அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் நியூயார்க் மாநிலத்தில் அல்பனி நகருக்கு அருகே வேலை பார்க்கிறான். கையடக்க போலீஸ் ஸ்கேனர் ஒன்றை வாங்கியிருக்கிறான். வீட்டில் கேட்டது போதாதென்று, இனிக் காரிலும் வைத்துக்கொள்ளப் போகிறானாம். “வெளிப்படையாக விற்கிறார்கள், தவறென்றால் விற்பார்களா?” என்கிறான். அவன் சொல்வது சரியா?
— வாசகி, மதுரை

பதில்: வீட்டில் கேட்பது வரைக்கும் உங்கள் மகன் சொல்வது சரிதான். மறைகுறியாக்கம் செய்யப்படாமல், எவர் வேண்டுமானாலும் கேட்கும்படி வானில் வரும் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் உரையாடல்களைக் கேட்பது ஒட்டுக்கேட்டல் ஆகாது என்று 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம் கூறுகிறது. அது மத்திய அரசின் சட்டம். நாடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால் அதே கருவி காருக்குள் ஏறியதும் மாநிலச் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் வாகன, போக்குவரத்துச் சட்டம் 397ஆம் பிரிவின்படி, போலீஸுக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்களில் வரும் ஒலியைப் பெறக்கூடிய வானொலி ஏற்பியை வாகனத்தில் பொருத்துவதும், அவ்வாறு பொருத்தப்பட்ட வாகனத்தைத் தெரிந்தே பயன்படுத்துவதும், உள்ளாட்சி அமைப்பின் முன் அனுமதி இல்லாவிட்டால் குற்றம். ஆயிரம் டாலர் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதில் உங்கள் மகன் கவனிக்க வேண்டிய சொல் ‘பெறக்கூடிய’ என்பது. அவர் கேட்டாரா, செட் ஓடிக்கொண்டிருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. அந்தக் கருவியால் முடியுமா என்றுதான் கேட்கிறது. இருக்கையில் கிடக்கும் கையடக்கக் கருவியைப் ‘பொருத்தியது’ என்று சொல்ல முடியுமா என வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை வழக்குப் பதிவான பிறகு நீதிமன்றத்தில்தான் வைக்க முடியும். வேலை விசாவில் இருக்கும் ஒருவருக்கு அது சிறிய தொல்லை அன்று. ஒவ்வொரு முறை விசா விண்ணப்பிக்கும்போதும், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு அவர் ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருக்கும்.

எல்லா மாநிலங்களும் நியூயார்க்கைப் போல் இல்லை. பக்கத்திலுள்ள நியூஜெர்சியில், குற்றம் செய்யும்போதோ குற்றம் செய்துவிட்டுத் தப்பும்போதோ அத்தகைய ஏற்பியை வைத்திருந்தால்தான் தண்டனை. கலிஃபோர்னியாவிலும் கேட்டதைக் குற்றத்துக்குத் துணையாக்குவதுதான் குற்றம். வாகனத்தில் வைத்திருப்பதையே கட்டுப்படுத்தும் மாநிலங்களில் நியூயார்க்கோடு ஃப்ளோரிடா, இந்தியானா, கென்டக்கி, மின்னசோட்டா ஆகியவை முக்கியமானவை. விற்பனை சட்டப்படி நடக்கிறது என்பதால் வாங்கியவர் எங்கே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி என்று ஆகிவிடாது. ஸ்கேனர் வீட்டு மேசையிலேயே இருக்கட்டும் என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் குற்றமில்லாதது வாகனத்தில் மட்டும் எப்படிக் குற்றமாகும்? இந்த வேறுபாட்டுக்கு ஏதேனும் காரணம் உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, அது மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரத்துக் காரணம். 1928 ஏப்ரலில் டெட்ராய்ட் போலீஸ் தன் ரோந்துக் கார்களுக்கு வானொலி வழியாகத் தகவல் அனுப்பத் தொடங்கியது. அது ஒருவழிச் செய்திதான். காரில் இருப்பவர் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். இருவழிப் பேச்சு 1933இல் நியூஜெர்சியின் பயோன் நகரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளைய போலீஸ் அலைவரிசைகள் சாதாரண வானொலி நிலையங்களின் வரிசைக்கு ஒட்டி, சற்றே மேலே இருந்தன. ஆகவே வீட்டு வானொலியைக் கொஞ்சம் நகர்த்தினாலே போலீஸின் குரல் கேட்கும்.

மதுவிலக்குக் காலம் அது. டெட்ராய்ட் ஆற்றின் அக்கரையில் கனடாவின் வின்ட்சர் நகரம். ஆற்றைக் கடந்து சாராயம் வந்துகொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவரால் போலீஸுக்குப் பெரிய தொல்லை இல்லை; ஓடும் காரில் கேட்பவரோ ரோந்து வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று அறிந்து அடுத்த தெருவில் திரும்பிவிடலாம். மிச்சிகன் மாநிலத்தின் 1931ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தொகுப்பிலேயே இத்தகைய வாகன ஏற்பிகளுக்குத் தடை இருந்தது. பின்னாளில், 2006இல், அதே மிச்சிகன் அந்தப் பிரிவைத் திருத்திக் குற்றவாளிகளையும் குற்றத்துக்குப் பயன்படுத்துவோரையும் மட்டும் குறிவைத்தது. மற்ற மாநிலங்களும் அவ்வழியில் போவதே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் சட்டம் மாறும்வரை, எழுதியிருப்பதுதான் சட்டம்.

கேள்வி: ஃப்ளோரிடாவில் டாம்பா நகரில் இருக்கிறேன், டெக்னீஷியன் என்ற தொடக்க நிலை உரிமம் பெற்ற ஹாம். காரில் 2 மீட்டர் செட் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. தனியாக ஸ்கேனர் ஒன்றும் வண்டியில் இருக்கிறது. விடுமுறையில் நியூயார்க் வரை ஓட்டிச் செல்லப் போகிறோம். ஹாம் உரிமம் இருப்பதால் இரண்டுக்கும் விலக்கு உண்டென்று நண்பர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், டாம்பா

பதில்: பாதியை நம்பலாம். அந்தப் பாதி எது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால், ஹாம் நண்பர்களிடையே அதிகமாகத் தவறாகச் சொல்லப்படும் விஷயம் இதுதான்.

முதலில் உங்கள் செட்டையே பாருங்கள். 2 மீட்டர் செட் என்பது 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஹாம் பட்டையில் பேசவும் கேட்கவும் உதவும் கருவி. 146.520இல் பேசி முடித்துவிட்டுக் குமிழை வலப்புறமாகத் திருப்பிக்கொண்டே போனால், 148இல் நமக்கு ஒதுக்கப்பட்ட பட்டை முடிந்துவிடுகிறது. மைக்கை அழுத்தினாலும் ஒலிபரப்பாது. ஆனால் கேட்பது நிற்பதில்லை. 150ஐத் தாண்டியதும் லாரி நிறுவனம், நகராட்சி, தீயணைப்பு நிலையம், ஷெரிஃப் அலுவலகம் என்று குரல்கள் வரிசையாக வருகின்றன. இன்னும் போனால் 162.400 முதல் 162.550 வரையுள்ள ஏழு வானிலை அலைவரிசைகள். புயல் காலத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு ஹாம் அந்த ஏழையும் கேட்காமல் இருக்க முடியாது. வானிலையைக் கேட்கக்கூடிய செட் இடையில் இருக்கும் போலீஸையும் கேட்கத்தான் செய்யும். கடையில் விற்கும் ஏறக்குறைய எல்லா 2 மீட்டர் செட்டுகளும் இப்படித்தான் தயாராகின்றன. ஆகவே ‘பெறக்கூடிய’ என்ற சொல்லின்படி பார்த்தால், காரில் செட் வைத்திருக்கும் ஒவ்வொரு ஹாமும் குற்றவாளிதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும்படி, கனெக்டிகட்டின் நியூவிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., 1989 நவம்பரில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் மனு கொடுத்தது. ஆணையம் 1993 செப்டம்பரில் உத்தரவிட்டது, ‘பி.ஆர். டாக்கெட் 91-36’ என்ற எண்ணால் ஹாம்கள் அதைக் குறிப்பிடுவார்கள். அமெச்சூர் சேவையை வளர்ப்பது மத்திய அரசின் நோக்கம் என்பதால், போலீஸ் முதலான பொதுப் பாதுகாப்பு அலைவரிசைகளைப் பெறும் திறன் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, உரிமம் பெற்ற ஹாம் தன் டிரான்ஸ்ஸீவரை (அனுப்பவும் பெறவும் வல்ல செட்டை) வாகனத்திலோ வேறிடத்திலோ வைத்திருப்பதைத் தடுக்கும் மாநில, உள்ளாட்சிச் சட்டங்கள் செல்லாது என்பதே அதன் சாரம்.

மேலே நான் எழுதியதில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். உரிமம் பெற்றவருக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. அனுப்பவும் பெறவும் வல்ல அமெச்சூர் செட்டுக்கு மட்டுமே பாதுகாப்பு. கேட்க மட்டுமே பயன்படும் ஸ்கேனரைப் பற்றி உத்தரவு பேசவில்லை. திறன் இருக்கிறது என்ற ‘ஒரே காரணத்துக்காக’ என்பதும் அப்படியே. குற்றத்துக்குப் பயன்படுத்தியவரை அது காப்பாற்றாது. செட்டின் உள்ளே கம்பியை வெட்டி, பட்டைக்கு வெளியேயும் ஒலிபரப்பும்படி மாற்றி வைத்துக்கொண்டு போலீஸ் அலைவரிசையில் பேசியவர் இந்த உத்தரவைக் காட்ட முடியாது.

ஸ்கேனரின் கதை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் ஃப்ளோரிடாவில் 843.16ஆம் பிரிவு, வாகனத்தில் போலீஸ் அலைவரிசைக்கு இசைவிக்கப்பட்ட ஏற்பியைக் கொண்டு செல்வதை முதல்நிலைச் சிறுகுற்றமாக்கினாலும், செல்லத்தக்க அமெச்சூர் உரிமம் உடையவருக்குத் அது பொருந்தாது என்று அறிவிக்கிறது. விலக்கு ஆளுக்குத் தரப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே உங்கள் ஸ்கேனருக்கும் அது கிடைக்கிறது. மின்னசோட்டாவிலும் அப்படித்தான். ஹாம் உரிமம் இல்லாதவர் அங்கே குற்றப் புலனாய்வுப் பிரிவின் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்; உள்ளவருக்கு வேண்டியதில்லை.

நியூயார்க்கின் விலக்கோ ஆளோடு நிற்கவில்லை. அமெச்சூர் உரிமம் வைத்திருந்து, உரிமத்துக்குட்பட்ட நகரும் ஒலிபரப்பியையும் அதனோடு தொடர்புடைய ஏற்பியையும், ‘அமெச்சூர்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட அதிர்வெண்களில்’ இயக்குபவருக்கு என்று அது எழுதப்பட்டிருக்கிறது. 144 முதல் 148 வரையுள்ள 2 மீட்டர் பட்டை இந்த வரையறைக்குள் அடங்கிவிடும். 420 முதல் 450 வரையுள்ள 70 சென்டிமீட்டர் பட்டையை அரசின் ரேடார்களோடு நாம் பகிர்ந்துகொள்கிறோம். ‘மட்டுமே’ என்ற சொல்லைக் கறாராகப் பிடித்தால் அது வெளியே போய்விடும். அங்கே 1993ஆம் ஆண்டு உத்தரவுதான் உங்கள் செட்டுக்குத் துணை. தனி ஸ்கேனருக்கோ மாநிலச் சட்டமும் துணையில்லை, மத்திய உத்தரவும் துணையில்லை.

எனவே செட் காரிலேயே இருக்கட்டும்; ஸ்கேனரை டாம்பாவில் விட்டுவிட்டுப் புறப்படுங்கள். இடையில் வரும் மாநிலங்களின் சட்டங்களையும் புறப்படும் முன் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கேள்வி: சட்டப்படிக் கேட்டதை நண்பர்களுக்குச் சொல்லலாமா? எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஸ்கேனரில் கேட்ட செய்திகளை உடனுக்குடன் பதிவிடுகிறார்.
— வாசகி, டாலஸ்

பதில்: அவரை நிறுத்தச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 705ஆம் பிரிவு, தமக்கென்று அனுப்பப்படாத வானொலிச் செய்தியை இடைமறித்து வெளியிடுவதையும் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கிறது. ஹாம்களின் உரையாடல், பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.பி. வானொலி, பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, ஆபத்திலிருக்கும் கப்பல், விமானம், வாகனம், மனிதர்களின் அழைப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. அது தவிர, விபத்துச் செய்தியில் ஒரு வீட்டு முகவரி வந்து, அது குழுவில் உள்ள யாரோ ஒருவரின் வீடாக இருந்துவிட்டால் அந்த வேதனையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரில் இருந்த ஸ்கேனர் ஒன்று அமெரிக்க அரசியலையே கலக்கிய நிகழ்ச்சி 1996 டிசம்பர் 21 அன்று நடந்தது. பின்னாளில் பிரதிநிதிகள் சபையின் தலைவரான ஜான் பேனர், வடக்கு ஃப்ளோரிடாவின் லேக் சிட்டியில் ஓர் உணவகத்தின் கார் நிறுத்துமிடத்தில் இருந்தபடி, நியூட் கிங்ரிச் உள்ளிட்ட தம் கட்சித் தலைவர்களோடு கூட்டு அழைப்பில் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த வழியே காரில் சென்ற தம்பதியின் ஸ்கேனரில் அந்தப் பேச்சு விழுந்தது. செல்பேசி அலைவரிசைகளைப் பெறும் ஸ்கேனர்களை இனித் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாதென்று 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை வந்துவிட்டிருந்தாலும், பழைய கருவிகள் புழக்கத்தில் இருந்த காலம் அது. அவர்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, எதிர்க்கட்சி உறுப்பினரான ஜிம் மெக்டெர்மாட்டிடம் கொடுத்தார்கள். பேச்சு செய்தித்தாள்களில் வெளியானது. தம்பதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தலைக்கு 500 டாலர் அபராதம் கட்டினார்கள். பேனர் தொடுத்த வழக்கு பத்தாண்டு நடந்து, மெக்டெர்மாட் 60,000 டாலர் இழப்பீடும் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் கொடுக்கும்படி ஆயிற்று. காதில் விழுந்தது என்பதோடு அவர்கள் விட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

கேள்வி: ஸ்கேனருக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலியில் கேட்டால் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடுமா?
— வாசகர், சென்னை

பதில்: முற்றிலும் தீராது. செயலியில் வருவது, எங்கோ ஒருவர் தம் வீட்டு ஸ்கேனரில் பிடித்து இணையத்தில் ஓடவிடும் ஒலி. வாகன ஏற்பி பற்றிய பழைய சட்டங்களின் சொற்கள் இதற்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பது உண்மை. ஆனால் கேட்டதைக் குற்றத்துக்குத் துணையாக்குவது எந்தக் கருவியில் கேட்டாலும் வினைதான். கேட்பதற்கான வாய்ப்பும் குறைந்து வருகிறது. நியூயார்க் நகரப் போலீஸ் 2023 முதல் தன் அலைவரிசைகளை மறைகுறியாக்கத்துக்கு மாற்றத் தொடங்கியது. மறைகுறியாக்கியதை உடைத்துக் கேட்பதற்கு நான் முதலில் சொன்ன 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகை கிடையாது.

கேள்வி: ரேடார் டிடெக்டருக்கும் ஹாம் விலக்கு பொருந்துமா?
— வாசகர், ரிச்மண்ட்

பதில்: பொருந்தாது. வேகத்தை அளக்கும் போலீஸ் ரேடாரை முன்கூட்டிக் காட்டும் அந்தக் கருவி உங்கள் வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை செய்யப்பட்டது. ஹாம் உரிமத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கேள்வி: கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன். நான் ஹாம் தேர்வு எழுதலாமா? அது ‘வேலை’ என்று கருதப்பட்டுவிடுமா?
— வாசகி, எடிசன்

பதில்: தாராளமாக எழுதலாம். அமெரிக்க அமெச்சூர் உரிமத்துக்குக் குடியுரிமை தேவையில்லை; வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருப்பவருக்கு மட்டுமே அது கிடையாது. அந்நாட்டுக்குள் ஓர் அஞ்சல் முகவரி இருந்தால் போதும். தொடக்க நிலையான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள். 26க்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. கேள்விகள் முழுவதும் முன்னதாகவே வெளியிடப்பட்டிருப்பதால் வீட்டிலிருந்தே படித்துவிடலாம். மோர்ஸ் சங்கேதத் தேர்வு 2007இல் நீக்கப்பட்டுவிட்டது. எஃப்.சி.சி. கட்டணம் 35 டாலர். உரிமம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அமெச்சூர் வானொலியில் பேசுவதற்குப் பணம் பெறக் கூடாது என்பது விதியே ஆகையால், அது வேலையாகிவிடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்கேனர் சட்டத்திலிருந்து தப்புவதற்காக மட்டும் இந்த உரிமத்தை எடுக்காதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். புயலில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்த இரவில், குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாக ஒரு முதியவரின் மருந்துத் தேவையைத் தெரிவிக்க முடிகிற கருவி அது. அதற்காகப் படியுங்கள்.

கேள்வி: ஊர் திரும்பும்போது அமெரிக்காவில் வாங்கிய ஸ்கேனரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் கேட்கும் உரிமைதான் பொது விதி, வாகனத் தடை விதிவிலக்கு. நம் நாட்டில் நிலைமை தலைகீழ். 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே கூறுகிறது.

கேள்வி: நாங்கள் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவில் வசிக்கிறோம். ஹாம் உரிமம் கணவர் பெயரில்; செட் எங்கள் ஒரே காரில். அவர் ஊரில் இல்லாதபோது நான் அந்தக் காரை ஓட்டிச் செல்லலாமா? போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது?
— வாசகி, பஃபலோ

பதில்: இவ்வளவு கடிதங்களில் நுட்பமான கேள்வி உங்களுடையதுதான். உரிமம் காருக்குத் தரப்பட்டதன்று, ஆளுக்குத் தரப்பட்டது. 397ஆம் பிரிவோ பொருத்தியவரோடு நிற்காமல், தெரிந்தே அந்த வாகனத்தைப் பயன்படுத்துபவரையும் சேர்த்துக்கொள்கிறது. கணவர் ஓட்டும்போது அவருக்கு இருக்கும் பாதுகாப்பு, நீங்கள் தனியாக ஓட்டும்போது உங்களுக்கு இருக்கிறது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கணவர் ஓட்டும் நாட்களுக்கு, அவருடைய உரிமத்தின் நகலை வண்டிப் பதிவுச் சான்றோடு வைத்திருங்கள். 2015 முதல் எஃப்.சி.சி. காகித உரிமத்தைத் தானாக அஞ்சலில் அனுப்புவதில்லை. அதன் இணையதளத்தில் இறக்கி அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அதோடு 1993ஆம் ஆண்டு உத்தரவின் ஒரு பிரதியும் இருக்கட்டும். நிறுத்திய அதிகாரிக்கு ஹாம் வானொலி என்றால் என்னவென்று தெரியாமலே இருக்கலாம். கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி, இது அமெச்சூர் செட், உரிமம் பெட்டிக்குள் இருக்கிறது, எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு எடுப்பதே முறை. அவர் கருவியைக் கைப்பற்றினால் சாலையோரத்தில் வாதாட வேண்டாம். ரசீது வாங்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.

நீங்கள் ஓட்டும் நாட்களில் செட் வீட்டில் இருப்பதே நல்லது. பெரும்பாலான மொபைல் செட்டுகள் தாங்கியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு திருகுகளால்தான் நிற்கின்றன. முதலில் ஃபியூஸ் உள்ள மின்கம்பியின் இணைப்பையும், பிறகு பின்புறம் திருகியிருக்கும் ஆன்டெனா கேபிளையும் கழற்றிவிட்டு, செட்டை இழுத்தால் கையோடு வந்துவிடும். கணவர் வெளியூர் புறப்படும் முன்பே அதைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது சலிப்பாக இருந்தால், எடிசன் வாசகிக்கு மேலே சொன்ன தேர்வை நீங்களும் எழுதிவிடுங்கள். அதன் பிறகு அந்தக் காரை உங்கள் இருவரில் யார் ஓட்டினாலும் செட் இடத்திலேயே இருக்கலாம்.